அழாத அக்கா, மயங்கிய அத்தை: பிறர் வலி எல்லோருடைய மூளையிலும் ஒரே அளவில் வலிக்கிறதா?

மஸ்கெலியா ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவிகள் துரத்தித் துரத்திக் கொட்டின. ஆறு பேரைத் தூக்கிவந்து தோட்ட டிஸ்பென்சரி வாசலில் இறக்கினார்கள். அங்கே உதவியாளராக வேலை செய்யும் என் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், யாருக்கு மூச்சு இழுக்கிறது, யாருக்கு நாக்கு வீங்கியிருக்கிறது என்று ஒவ்வொருவராகப் பார்த்து, இருவரை முதலில் லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தாள். ஒரு குளவிகூடக் கொட்டாத என் அத்தையோ, அந்தப் பெண்களின் வீங்கிய முகங்களைக் கண்டதும் வாசற்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அந்த நெருக்கடியில் அவருக்கு விசிறிவிடவும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

அன்றிரவு லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், எல்லோரும் அத்தையைத்தான் மெச்சினார்கள். அவருக்கு இளகிய மனமாம், அக்கா கல்நெஞ்சுக்காரியாம். அக்கா மறுமொழி ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். பிறர் துன்பத்தைக் காணும்போது மூளையில் நிகழ்வது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதா, அந்த வேறுபாட்டை அளந்து பார்த்திருக்கிறார்களா, அந்த அளவை வைத்து ஒருவருக்கு மனம் இளகியது, இன்னொருவருக்கு இறுகியது என்று சொல்லிவிட முடியுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேராதனை மாணவன் எழுதியது:

ஆசிரியர் ஐயா, நான் உளவியலில் பட்டப்பின் படிப்புப் படிப்பவன். சொந்த ஊர் தலவாக்கலை. தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் இரக்கம், பரிவு, அனுதாபம் என்று ஒரே மூச்சில் சொல்வதை ஆய்வாளர்கள் குறைந்தது மூன்றாகப் பார்க்கிறார்கள். பிறர் உணர்ச்சி நமக்கும் தொற்றுவது ஒன்று. அவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்பதை விளங்கிக்கொள்வது இன்னொன்று. அவருக்கு நன்மை செய்ய வேண்டும் என்று உந்தப்படுவது மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒத்துணர்வு என்ற சொல்லை நான் பயன்படுத்துகிறேன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூளையைப் பொறுத்தவரை 2004இல் தானியா சிங்கரும் அவருடைய குழுவினரும் இலண்டனில் செய்த ஆய்வைத்தான் எல்லோரும் தொடக்கமாகக் காட்டுவார்கள். 16 காதல் இணைகளை அழைத்து, பெண்ணை எப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, ஆணைப் பக்கத்தில் அமரவைத்தார்கள். ஒருமுறை அவளுடைய கைக்கும் ஒருமுறை அவனுடைய கைக்கும் வலிதரும் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. யாருக்கு வரப்போகிறது என்பதை ஓர் அடையாளம் அவளுக்கு முன்கூட்டியே காட்டும். தனக்கு வலித்தபோது, வலி கையின் எந்த இடத்தில் எவ்வளவு என்று அறியும் உடலுணர்ச்சிப் புறணி உட்படப் பல இடங்கள் இயங்கின. துணைவனுக்கு வலித்தபோது அந்தப் பகுதி இயங்கவில்லை. ஆனால் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய முன் இன்சுலா, முன் சிங்குலேட் புறணி என்ற இரண்டும் இரு நிலைகளிலும் இயங்கின. வலியின் இடத்தை நாம் பகிர்வதில்லை, அதன் வேதனையைப் பகிர்கிறோம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருவது அதற்கு அடுத்த முடிவு. ஒத்துணர்வு வினாக்கொத்தில் அதிகப் புள்ளி பெற்ற பெண்களிடம் அந்த இரண்டு இடங்களின் இயக்கமும் அதிகமாகக் காணப்பட்டது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு மூளையில் தெரிகிறது என்ற பேச்சு பரவலாகியது இப்படித்தான்.

இன்சுலாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அது நம் உடலின் உட்செய்திகளை, அதாவது இதயத் துடிப்பு, மூச்சு, வயிற்றின் நிலை ஆகியவற்றை வாங்கிப் படிக்கும் இடம். பிறர் துன்பத்தைக் கண்டால் நாம் "வயிற்றைப் பிசைகிறது", "அடிவயிறு கலங்குகிறது" என்கிறோம் அல்லவா? அந்தப் பேச்சு வெறும் அலங்காரம் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

லிந்துலை வாசகர் எழுதியது:

இதெல்லாம் கண்ணாடி நரம்புக் கலங்களின் வேலைதானே? அத்தைக்கு அவை அதிகம், அக்காவுக்குக் குறைவு என்று சொல்லிவிட்டால் விடயம் முடிந்தது.

பேராதனை மாணவன் எழுதியது:

அவ்வளவு எளிதாக முடியாது அண்ணா. இத்தாலியின் பார்மா நகரில் ரிட்சோலாட்டியின் குழு 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த அந்தக் கலங்கள் குரங்கின் மூளையில் இருப்பவை. தான் ஒரு பொருளை எடுக்கும்போதும் மற்றவர் எடுப்பதைக் காணும்போதும் இயங்குபவை. அது செயலைப் பற்றியது. அதிலிருந்து மனிதனின் இரக்கம் வரைக்கும் ஒரே தாவலில் போய்விட்ட கட்டுரைகள் ஏராளம். எப்.எம்.ஆர்.ஐ. தனிக் கலத்தைப் பார்ப்பதே இல்லை. இயங்கும் பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் சில வினாடி தாமதித்துப் பாய்வதை மட்டுமே அது காட்டுகிறது. அத்தைக்கு எத்தனை கலம், அக்காவுக்கு எத்தனை கலம் என்று எந்த ஸ்கேனும் எண்ணித்தராது.

பதுளைத் தாதி எழுதியது:

ஆசிரியர் தம்பி, உங்கள் அக்காவைப் பற்றி வாசித்தபோது என்னைப் பற்றி வாசித்ததைப் போல இருந்தது. பயிற்சியின் முதல் வருடத்தில், எரிகாயத்துக்கு மருந்து கட்டும் அறையில், சுடுநீர் கொட்டிய ஒரு சிறு பிள்ளையின் தோலைக் கண்டு நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வைத் தாதி என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தானே கட்டி முடித்தார். இன்று அதே வேலையைச் செய்யும்போது என் கை நடுங்குவதில்லை. பிள்ளையின் அழுகை எங்கோ தூரத்தில் கேட்பதைப் போல இருக்கும். வீட்டுக்குப் போனபின் சில நாட்களில் சோறு இறங்காது என்பது வேறு கதை.

பல வருடங்களாக ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. எனக்குள் இருந்த ஒன்று தேய்ந்து போய்விட்டதா? அல்லது அது அங்கேயேதான் இருக்கிறது, நான்தான் அதன்மேல் மூடிபோட்டு வைத்திருக்கிறேனா?

பேராதனை மாணவன் எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வியை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு தாய்வானில் 2007இல் வந்தது. யாவெய் செங்கும் அவருடைய குழுவினரும், அக்குபங்சர் செய்துவந்த வைத்தியர்கள் 14 பேருக்கும், அந்தப் பழக்கமே இல்லாத 14 பேருக்கும், வாயிலும் கையிலும் காலிலும் ஊசி ஏறும் காட்சிகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். பழக்கமில்லாதவர்களிடம் முன் இன்சுலாவும் சிங்குலேட்டும் இயங்கின. வைத்தியர்களிடம் அவை அவ்வாறு எழவில்லை. அதற்குப் பதிலாக உணர்ச்சியை ஆளும் முன்மூளைப் பகுதிகளும், பிறர் மனத்தை ஊகிக்க உதவும் பொட்டு மடல், சுவர் மடல் சந்திக்கும் பகுதியும் இயங்கின. காட்சியில் இருப்பவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று கேட்டபோதும் வைத்தியர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

ஆகவே "மூடி" என்ற உங்கள் சொல் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அவர்கள் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. மூடி வேலைக்கு உதவுகிறது. அதே மூடி சில வேளைகளில் நோயாளியின் வலியைக் கண்ணிலிருந்து மறைத்தும் விடலாம்.

ஆசிரியர் ஐயாவின் கதையில், ஸ்கேன் எடுத்திருந்தால் அத்தையின் இன்சுலா பிரகாசமாகவும் அக்காவின் இன்சுலா மங்கலாகவும் தெரிந்திருக்கக்கூடும். அதைப் பார்த்து "அக்காவுக்கு ஒத்துணர்வு குறைவு" என்று எழுதிவைத்தால், இரண்டு உயிரை லொறியில் ஏற்றி அனுப்பியவளைப் பற்றி நாம் என்ன எழுதியதாக ஆகும்?

ஹட்டன் கணக்கு வாத்தியார் எழுதியது:

தம்பியின் விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் 16 பேர், 14 பேர் என்ற எண்களைக் கேட்கும்போது என் தொழிற்புத்தி சும்மா இருக்க மறுக்கிறது. என் வகுப்பில் 16 பிள்ளைகளின் உயரத்தையும் கணக்குப் புள்ளியையும் எடுத்து, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் இணைபுக் குணகம் கண்டால், ஒரு வருடம் உயரமானவர்கள் கெட்டிக்காரர்கள் என்று வரும். அடுத்த வருடம் குள்ளமானவர்கள் என்று வரும்.

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் அன்று. 2009இல் எட்வர்ட் வுல்லும் உடன் ஆய்வாளர்களும் உணர்ச்சி, ஆளுமை பற்றிய மூளைப்பட ஆய்வுகளில் சொல்லப்படும் இணைபுகள் நம்பமுடியாத உயரத்தில் இருக்கின்றன என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். சிங்கரின் ஆய்வில் சொல்லப்பட்ட 0.52 முதல் 0.72 வரையான எண்களும் அவர்கள் எடுத்துக்காட்டியவற்றில் அடங்கும். அவர்களுடைய குற்றச்சாட்டு, நம் ஊர் முறையில் சொன்னால், இதுதான்: கொழுந்து மடுவத்துக்கு வந்த ஆயிரம் கூடைகளில் தராசை அதிகம் இழுத்த பத்துக் கூடைகளை முதலில் பொறுக்கிவிட்டு, அந்தப் பத்தின் சராசரியைத் தோட்டத்தின் விளைச்சல் என்று அறிவிப்பது. மூளைப்படத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கட்டங்கள் இருக்கின்றன. வினாக்கொத்தோடு அதிகம் ஒத்துப்போகும் கட்டங்களை மட்டும் பொறுக்கி, அவற்றின் இணைபை மறுபடியும் அளந்து காட்டினால் எண் பெரிதாகத்தானே வரும்? (குற்றம் சாட்டப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை, சிங்கரும் வேறு சிலரும் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள்.)

அதே 2009இல் கிரெய்க் பென்னட் என்பவர் ஒரு செத்த சல்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று கேட்டார். தற்செயலாக வரும் பொய்க் குறிகளை நீக்கும் திருத்தக் கணக்குச் செய்யாமல் பார்த்தால் மீனின் மூளையிலும் இயக்கம் தெரிந்தது! செத்த மீனுக்கே ஒத்துணர்வு இருக்கும் இடத்தில் ஆசிரியரின் அக்காவுக்கு இல்லாமலா போகும்?

விளையாட்டை விட்டுவிடுகிறேன். 2022இல் ஸ்கொட் மாரெக்கும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து, மூளையின் அமைப்பையோ இயக்கத்தையோ மனிதரின் குணத்தோடும் திறமையோடும் ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கானோர் தேவை என்றும், இருபத்தைந்து பேர் போன்ற சிறு எண்ணிக்கையில் கிடைக்கும் முடிவுகள் பெரும்பாலும் மறுமுறை நிலைக்கமாட்டா என்றும் காட்டியிருக்கிறார்கள். இதற்குத் தம்பி என்ன சொல்கிறார்?

பேராதனை மாணவன் எழுதியது:

வாத்தியார் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நான் முதலில் எழுதியபோதே இரண்டு கூற்றுகளைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

பிறர் வலியைக் காணும்போது சராசரியாக மனிதர்களிடம் முன் இன்சுலாவும் சிங்குலேட்டின் முன், நடுப்பகுதிகளும் இயங்குகின்றன என்பது ஒரு கூற்று. இது உறுதியானது. 2011இல் லாம், டெசட்டி, சிங்கர் மூவரும் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே இடங்கள்தான் வந்தன. அந்த இயக்கம் யாரிடம் அதிகமோ அவர் ஒத்துணர்வு மிகுந்தவர் என்பது இன்னொரு கூற்று. இது தளர்வானது, சில ஆய்வுகளில் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பதுதான் பத்திரிகைக் கட்டுரைகளில் நடக்கிறது.

இயங்கும் இடம் ஒன்றாக இருப்பதால் உள்ளே நடப்பதும் ஒன்று என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016இல் கிருஷ்ணன், வேகர் முதலியோர் செய்த ஆய்வில், தன் வலிக்கான மூளைக்கோலமும் பிறர் வலியைக் காணும்போது எழும் கோலமும் வெவ்வேறு என்று வந்தது.

வினாக்கொத்திலும் வாத்தியார் கைவைத்திருக்கலாம். 1980களில் டேவிஸ் உருவாக்கிய 28 கேள்விகள் கொண்ட அளவுகோல்தான் இன்றும் பெருவழக்கு. அது நம்மையே கேட்கிறது, நாமே பதில் சொல்கிறோம். 2019இல் மர்பியும் லிலியன்ஃபெல்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறர் மனத்தை நான் நன்றாக விளங்கிக்கொள்வேன் என்று ஒருவர் தமக்குத் தாமே கொடுக்கும் புள்ளிக்கும், அவர் உண்மையில் பரிசோதனையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பு, ஆளுக்கு ஆள் உள்ள மாறுபாட்டில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கை மட்டுமே விளக்கியது. கோணலான அளவுகோலோடு மூளைப்படத்தை ஒட்டிப் பார்த்தால் படம் மட்டும் எப்படி நேராக வரும்?

கங்காணி பேத்தி எழுதியது:

எல்லோரும் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுகிறீர்கள். அதே மனிதர் ஆளைப் பார்த்து மாறுவதை யாரும் எடுக்கவில்லையே? என் பாட்டனார் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்தவர். சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் தூங்கமாட்டாராம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்களத்துக்குக் காய்ச்சலோடு வந்து நின்ற பெண்ணை மலைக்கு விரட்டுவதற்கு அவருக்கு ஒரு நிமிடமும் எடுக்காதாம். இதை என் பாட்டியே சொல்லியிருக்கிறார். "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்ற பழமொழியை நாம் பாசத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அடுத்தவர் சதைக்கு ஆடாது என்ற மறுபாதியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இதற்கும் ஆய்வுகள் உண்டு. பீஜிங்கில் 2009இல், முகத்தில் ஊசி குத்தப்படும் காட்சிகளைச் சீனர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் காட்டியபோது, இரு சாராருக்கும் தம் இனத்தவர் முகத்துக்குத்தான் சிங்குலேட் அதிகம் இயங்கியது. சூரிச்சில் கிரிட் ஹைனும் அவருடைய குழுவினரும் 2010இல் உதைபந்தாட்ட இரசிகர்களை வைத்துச் செய்த ஆய்வில், தம் அணியின் இரசிகருக்கு வலிக்கும்போது எழுந்த இன்சுலா இயக்கம், அவருக்காகத் தாமே பாதி வலியை ஏற்க முன்வருவார்களா என்பதை முன்கூட்டிக் காட்டியது. எதிரணி இரசிகருக்கு வலித்தபோதோ, சிலரிடம் மகிழ்ச்சியோடு தொடர்புடைய இடமே இயங்கியது. அப்படிப்பட்டவர்கள் உதவ மறுத்தார்கள். ஓர் ஆட்டத்துக்கே இப்படியென்றால், துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வசதி படைத்தோரைப் பற்றியும் ஒன்று. மூளையின் மின் அலைகளை அளந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வசதி கூடியவர்கள் வினாக்கொத்தில் தம்மை ஒத்துணர்வு மிகுந்தவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பிறர் வலியைக் கண்டபோது வசதி குறைந்தவர்களின் மூளைதான் அதிகம் அசைந்தது. வாத்தியார் அடுத்துக் கேட்கப்போவது தெரியும்: ஆம், சிறிய ஆய்வுதான். இருந்தாலும் வாசித்தபோது சிரித்துக்கொண்டேன்.

ஹட்டன் கணக்கு வாத்தியார் எழுதியது:

கேட்கத்தான் இருந்தேன். நீங்களே சொல்லிவிட்டதால் விட்டுவிடுகிறேன், பிள்ளை.

பேராதனை மாணவன் எழுதியது:

பேத்தி அக்கா சொன்ன ஹைன் குழுவினரே 2016இல் அதன் தொடர்ச்சியையும் வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவருக்கு மின்னதிர்ச்சி வரவிருக்கும் வேளையில், அங்கே வெளியாராகப் பார்க்கப்படும் பால்கன் வம்சாவளியினர் ஒருவர் தம் பணத்தைக் கொடுத்து அதை நிறுத்தியதாகக் காட்டினார்கள். எதிர்பாராத அந்த உதவி ஒருசில முறை கிடைத்ததுமே, அந்தப் பிரிவினரின் வலிக்கு இன்சுலாவின் பதில் உயர்ந்தது. உதவி செய்த ஆளுக்கு மட்டும் இல்லாமல் அந்தப் பிரிவினருக்கே அது பரவியது. கங்காணியின் மூளையும் ஒரே இடத்தில் உறைந்து கிடக்க வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள்.

நெதர்லாந்தில் 2013இல் வந்த ஓர் ஆய்வும் இதனோடு சேரும். பிறர் துன்பத்துக்கு அசையாத மனப்போக்கு உள்ளவர்கள் என்று மருத்துவ அளவில் கண்டறியப்பட்ட குற்றவாளிகளுக்குக் கைகளுக்கு வலி கொடுக்கப்படும் காட்சிகளைக் காட்டினார்கள். சும்மா பார்த்தபோது அவர்களுடைய மூளை மற்றவர்களை விடக் குறைவாகவே பதிலளித்தது. "அவர் உணர்வதை நீங்களும் உணர முயலுங்கள்" என்று சொன்னபோது அந்த வேறுபாடு பெருமளவு குறைந்தது. அவர்களிடம் ஆற்றல் இருக்கிறது; அது தானாக எழுவதில்லை. ஒத்துணர்வு என்பது தொட்டியில் இருக்கும் தண்ணீரின் அளவா, குழாய் திறந்திருக்கிறதா என்பதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

லிந்துலை வாசகர் எழுதியது:

பெண்களுக்குத்தான் இரக்கம் அதிகம் என்பதாவது உண்மையா? வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதுளைத் தாதி எழுதியது:

நான் வாசித்ததைச் சொல்கிறேன். 1983இலேயே ஐசன்பெர்க், லெனன் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வினாக்கொத்தில் கேட்டால் பெண்களுக்கு மிக அதிகம். உடலின் எதிர்வினைகளை மறைமுகமாக அளந்தால் வேறுபாடு அனேகமாகக் காணாமற்போகிறது. 2018இல் 46,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை வைத்துச் செய்த ஆய்விலும் பெண்களின் புள்ளி சராசரியாகக் கூடியே இருந்தது. அந்த வேறுபாடு மரபணுவால் வந்ததாகத் தெரியவில்லை. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டிலும் பத்தில் ஒரு பங்கு மட்டுமே அங்கே மரபணுவோடு சேர்ந்தது. மிச்சத்தில் பெரும்பகுதியை வளர்ப்பிலும் அனுபவத்திலும் தேட வேண்டியிருக்கும். உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் பொறுப்பு, அண்ணா.

ஊவா வாசி எழுதியது:

நீண்ட நாட்களாக வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவன் நான். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மறுநாள் உதவிக்குப் போன இளைஞர்களில் நானும் ஒருவன். பாடசாலையில் அமைத்திருந்த முகாமில், காலையில் பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுப்பது என் வேலை. மூன்றாம் நாள் என்னால் முகாமுக்குள் நுழைய முடியவில்லை. வாசலில் நின்று திரும்பி நடந்து பண்டாரவளைக்கு பஸ் ஏறிவிட்டேன். என்னோடு வந்த ஒரு வயதான அம்மா, பிள்ளைகள் மத்தியில் உட்கார்ந்து தலைவாரிவிட்டுக்கொண்டு, பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு எப்படிப் பாட்டு வருகிறது என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். அவரை விட நான் அதிகம் துன்பப்பட்டேன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் துன்பத்தால் பிள்ளைகளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் குறைந்ததுதான் மிச்சம்.

இது என்ன வேறுபாடு என்று தம்பி சொல்ல முடியுமா?

பேராதனை மாணவன் எழுதியது:

ஊவா அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். டேவிஸின் அளவுகோலிலேயே இதற்கு இரண்டு தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பிறர் துன்பத்தைக் கண்டு நாமே தவித்துத் தடுமாறுவது ஒன்று. அவர்மேல் கரிசனை கொள்வது மற்றொன்று. தவிப்பு மிகுந்தவர் விலகிப்போகத் துடிப்பார். அவர் மனம் கெட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. தாங்க முடியாத அளவுக்கு அது தொற்றிக்கொண்டுவிடுகிறது.

ஓல்கா கிலிமெக்கியும் சிங்கரும் இதைப் பயிற்சியாகவே செய்து பார்த்தார்கள். மனிதர்கள் துன்புறும் காணொளித் துண்டுகளைக் காட்டி, முதலில் அவர்களோடு ஒத்துணரும் பயிற்சியை மட்டும் கொடுத்தார்கள். பங்கேற்றவர்களின் மனவேதனை கூடியது. இன்சுலாவும் நடுச் சிங்குலேட்டும் அதிகம் இயங்கின. பின்னர் அதே ஆட்களுக்கு அன்பையும் நல்வாழ்த்தையும் பிறர்பால் செலுத்தும் பரிவுப் பயிற்சி கொடுத்தபோது, அந்த வேதனை பழைய நிலைக்கு இறங்கியது. நெற்றிப் புறணியின் அடிப்பகுதி, வென்ட்ரல் ஸ்ட்ரயேட்டம் போன்ற, பற்றோடும் நிறைவோடும் தொடர்புடைய வேறு இடங்கள் இயங்கின. துன்பக் காட்சி மாறவில்லை. மூளை அதை எதிர்கொண்ட வழி மாறியது. பாட்டுப் பாடிய அந்த அம்மாவுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் எந்த வழியில் நின்றார் என்று நான் ஊகிக்கத்தான் முடியும்.

கங்காணி பேத்தி எழுதியது:

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பார்கள். தன் வலியை அடக்கினால் பிறர் வலியும் அடங்கிப்போகும் என்று எங்கோ வாசித்தேன். அது உண்மையா தம்பி?

பேராதனை மாணவன் எழுதியது:

வியன்னாவில் 2015இல் மார்க்குஸ் ரூட்கெனும் லாமும் அப்படித்தான் கண்டார்கள். வெறும் மாத்திரையைச் சக்திவாய்ந்த வலிநிவாரணி என்று நம்பவைத்துக் கொடுத்தபோது, பங்கேற்றவர்களின் சொந்த வலியோடு, பிறர் வலிக்கு அவர்களுடைய இன்சுலாவும் சிங்குலேட்டும் காட்டிய பதிலும் குறைந்தது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் ஓப்பியோயிட் வேதிப்பொருள்களைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் அந்தக் குறைவு மறைந்தது. 2016இல் அமெரிக்காவின் ஒகாயோவில், 1,000 மில்லிகிராம் பரசிற்றமோல் குடித்த மாணவர்கள், பிறர் பட்ட துன்பக் கதைகளை வாசித்தபோது அவர்களுடைய வலியைச் சற்றுக் குறைத்து மதிப்பிட்டார்கள். நம் ஊர்க் கணக்கில் அது இரண்டு பெனடோல். அங்கே மூளைப்படம் எடுக்கவில்லை, விளைவும் சிறியது. தலைவலிக்குப் பெனடோல் போட்டவர்களை யாரும் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட வேண்டாம்.

மஸ்கெலியா ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு வாரமாக வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, நேற்று மாலை அக்காவிடமே கேட்டுவிட்டேன். அன்றைக்கு உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று. அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "நான் முகத்தைப் பார்க்கமாட்டேன். மூச்சை எண்ணுவேன். முகத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தப்பிவிடும்." சிறிது நேரம் கழித்து, "வீட்டுக்கு வந்த பிறகு எல்லா முகமும் வரும்" என்றாள்.

பேராதனை மாணவன் எழுதியது:

2007இல் சீனாவில் கூ, ஹான் என்ற இருவர், கைகள் காயப்படும் படங்களைக் காட்டி, ஒருமுறை வலியை மதிப்பிடச் சொன்னார்கள். இன்னொரு முறை படத்தில் எத்தனை கைகள் என்று எண்ணச் சொன்னார்கள். எண்ணியபோது இன்சுலாவிலும் சிங்குலேட்டிலும் வலிக்கான அந்த இயக்கம் காணப்படவில்லை. அக்கா அந்த ஆய்வை வாசித்திருக்க வாய்ப்பில்லை!

ஹட்டன் கணக்கு வாத்தியார் எழுதியது:

எண்ணுவதன் பயனை இவ்வளவு நாளும் நான் வகுப்பில் தவறாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அது போகட்டும். அத்தையைப் பற்றி யாருமே கேட்கவில்லையே?

மஸ்கெலியா ஆசிரியர் எழுதியது:

வாத்தியார் சொன்னபிறகு அம்மாவிடம் விசாரித்தேன். நான் பிறப்பதற்கு முன், அதே மேற்கணக்கு மலையில் அத்தையைக் குளவிகள் கொட்டி, முகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, நான்கு நாட்கள் வைத்தியசாலையில் கிடந்திருக்கிறார். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. அவர் அன்று அந்த ஆறு பேரின் முகத்தில் கண்டது யாருடைய முகத்தை என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

பதுளைத் தாதி எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும். முன்பு மூச்சு முட்டியிருக்கிறது என்றால் அத்தைக்குக் கடுமையான ஒவ்வாமை இருக்கக்கூடும். அடுத்தமுறை ஒரு குளவி கொட்டினாலே ஆபத்தாகலாம். அதை டிஸ்பென்சரிப் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே எழுதிவைக்கும்படி நாளைக்கே அக்காவிடம் சொல்லுங்கள். வைத்தியரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.